ஒரு நாள் தள்ளி வந்த திதி

1

இந்தக் கதை நானாகத் தேடிப் போனது இல்லை. மொஹ்சின் என் தலையில் கட்டியது. வேங்கிக்காலில், திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் அவருக்கு ஒரு டீக்கடை. மனு எழுதிக் களைத்தவர்களும் மனு கொடுத்துக் களைத்தவர்களும் வந்துபோகிற கடை. சாயங்காலங்களில் நானும் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாள் கூட்டம் கலைந்ததும், கிளாசைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சார், ஒரு விசயம் எழுதித் தரணும். கதைன்னு போட்டுக்குங்க. நான் வாயால சொன்னா அண்ணி மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லணும். நம்மால ஆவாது. நீங்க எழுதிட்டா அத காயிதம் பாத்துக்கும்."

அண்ணி என்றால் கஸ்தூரி. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவர். அவருடைய கணவர் மணிவேலும் மொஹ்சினும் வெளிநாட்டில் ஒரே முகாமில் சமையல் வேலை பார்த்தார்கள். மொஹ்சின் விமானத்தில் உட்கார்ந்து வந்தார். மணிவேல் பெட்டியில் வந்தார். ஆகிவிட்டது, பல வருடம்.

[நேரில் 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களை இனி அவன், அவள் என்றுதான் எழுதப்போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த மரியாதைக்கேடு மட்டும் எப்படியோ அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பெயர்கள் நான் வைத்தவை. அந்த நாட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே இருந்த இரண்டு பெரிய அமைப்புகளை ஒன்றியம், கூட்டணி என்று மட்டும் சொல்வேன். இந்த ஊரில் ஒன்றியம் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ், கூட்டணி என்றால் தேர்தல். அதை வைத்து ஒரு பக்கத்துக்குக் கேலி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அடித்துவிட்டேன்.]

2

முதல் தொடக்கம்: "அந்த மலைநாட்டில் பனி கொட்டத் தொடங்கிய ஒரு மாலையில்—"

வேண்டாம். பனி கொட்டியதா என்று மொஹ்சினைக் கேட்டேன். "பனியெல்லாம் இல்ல சார், தூசிதான்" என்றான்.

இரண்டாவது: "உலக அமைதியைக் காக்கப் பிறந்த இரண்டு மாபெரும் அமைப்புகள், ஒரே சாலையின் இரு பக்கங்களிலும்—"

இதுவும் வேண்டாம். பாடப்புத்தகம் பேசுகிற பேச்சு.

மூன்றாவது: "மணிவேல் சாகும்போது சிரித்துக்கொண்டிருந்தான்." இது நல்ல தொடக்கம். நீங்கள் கட்டாயம் அடுத்த வரிக்குப் போவீர்கள். அதனால்தான் பிடிக்கவில்லை. செத்தவனை வாசலில் நிறுத்தி ஆள் கூப்பிடுகிற வேலை அது. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

மொஹ்சினின் பொறுமை எங்கே உடைந்ததோ அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

கஸ்தூரியின் மகள் கீர்த்தனா கல்லூரியில் கடைசி வருடம். போட்டித் தேர்வுக்குத் தயார் செய்கிறாள். அம்மா வேலை முடித்து வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். மனப்பாடம் ஆகவேண்டுமாம்.

"ஒன்றியமும் கூட்டணியும் ராணுவத் துறையில் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. ஒன்றின் வளங்களை மற்றொன்று பயன்படுத்திக்கொள்கிறது. தகவல் பரிமாற்றமே இந்த ஒத்துழைப்பின் உயிர்நாடி." தலையைத் தூக்கினாள். "அங்கிள், அப்பா ஒன்றியத்தோட கேம்ப்லதானே இருந்தாரு?"

"ஆமாம்மா."

"எதிர்ல கூட்டணி கேம்ப். கரெக்டா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் வேலை செஞ்சாங்க. பத்து மார்க் கொஸ்டின் அங்கிள். சொந்த உதாரணம் போட்டா மார்க் ஜாஸ்தி விழும்னு மேடம் சொன்னாங்க. அப்பாவப் போடப்போறேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் மொஹ்சினுக்கு நினைவு திரும்பியது. அன்று சாயங்காலம்தான் கதை என் தலைக்கு மாறியது.

3

இந்தப் பகுதி கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் மேலே போக முடியாது.

ஒன்றியம் ஓர் அரசியல் அமைப்பு. அந்த நாட்டுப் போலீசுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்பியிருந்தது. கூட்டணி பட்டாளத்து அமைப்பு. சண்டை போட ஆள் அனுப்பியிருந்தது. இரண்டிலும் உறுப்பினர்கள் பெரும்பாலும் அதே நாடுகள்தான். ஒரே ஊரில் பிறந்தவர்களில் ஒருவன் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றியத்தின் சட்டையிலும், இன்னொருவன் அந்தப் பக்கம் கூட்டணியின் சட்டையிலும் நின்றான். இரண்டுக்கும் தலைமையகம் கடல் தாண்டி ஒரே நகரத்தில். வேங்கிக்காலிலிருந்து கோயிலின் பெரிய கோபுரத்துக்குப் போகிற தூரம் இருந்தால் அதிகம்.

இரண்டுக்கும் பொதுவாக ஓர் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த நாட்டில் அது செல்லவில்லை. ஏனென்றால் ஒன்றியத்தில் இருக்கும் ஒரு நாட்டுக்கும் கூட்டணியில் இருக்கும் ஒரு நாட்டுக்கும் எங்கோ ஒரு தீவைப் பற்றிப் பழைய பகை. ஒருவர் போட்டால் மற்றவர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாமல் ஒரு முகாம் இன்னொரு முகாமுக்குப் பாதுகாப்புத் தகவல் எதையும் நேராகச் சொல்லக் கூடாது. தன் முகாமின் எந்தக் கூரையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்பது பாதுகாப்புத் தகவல்.

பகலில் இதெல்லாம் தெரியாது. கூட்டணிச் சிப்பாய்கள் சாலையைத் தாண்டி வந்து, மணிவேல் வார்க்கிற தோசையைத் தின்றுவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். தோசைக்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை. இருட்டியதும் இரண்டு பக்கத்துக் கதவும் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் சட்டம்தான்.

4

மணிவேல் கீழ்பென்னாத்தூர்க்காரன். கார்த்திகைத் தீபத்தன்று மாவலி சுற்றி வளர்ந்தவன்.

[மாவலி தெரியாதவர்களுக்கு: பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, நெருப்பு வைத்து, கயிற்றின் முனையில் தலைக்கு மேலே சுழற்றுவது. பொறி பொறியாகக் கொட்டும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பட்டாசைவிட இது உசத்தி.]

அந்த நாட்டில் பனைமரம் இல்லை. கபாப் அடுப்புக் கரியைப் பொடித்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய ஏப்ரன் துணியில் சுருட்டி, காய்கறிப் பெட்டியை உடைத்த மரச்சிம்புகளுக்குள் வைத்துக் கட்டினான். கயிறு மொஹ்சின் கொடுத்தது. மொஹ்சினும் சின்ன வயதில் தெருப் பையன்களோடு மாவலி சுற்றியவன்தான். கரி நன்றாகப் பிடிக்குமா என்று அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

நமக்கு ஆறு மணிக்குத் தீபம். அங்கே ஒரு மணி நேரம் பின்னால், ஆனால் குளிர்காலம், இருட்டிவிட்டது. கஸ்தூரி வேங்கிக்கால் வீட்டு மாடியிலிருந்து வீடியோ காலில் மலையைக் காட்டினாள். உச்சியில் தீபம் ஏறியது. தெருவே அரோகரா என்றது. மொஹ்சின் கையில் இருந்த போனுக்குள்ளும் அரோகரா கேட்டது. அப்புறம் அவள் போனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள்.

"சுத்தறேன்னு சொன்னீங்களே, சுத்துங்க. பாப்பா பாக்கணுமாம்."

இருட்டிய பிறகு கூரை மேல் ஏறக் கூடாது என்று விதி. அதற்கு முந்தின வாரம்தான் யாரோ அந்தச் சாலை மேல் ராக்கெட் குண்டு விட்டிருந்தார்கள். மணிவேலுக்கு விதி தெரியும். "அஞ்சு நிமிசம்டா" என்றான். கிடங்கின் கூரையில் ஏறினார்கள். மொஹ்சின் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டான். மணிவேல் நெருப்பை ஊதி, காலை அகட்டி நின்று, சுற்றினான்.

பொறி கொட்டியது. பனம்பூ அளவுக்கு இல்லை, ஆனாலும் கொட்டியது. போனுக்குள் கீர்த்தனா கத்தினாள்: "அப்பா, இன்னும் வேகமா! இன்னும் வேகமா!"

மணிவேல் சிரித்தான். [மூன்றாவது தொடக்கத்தை நான் அடிக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான்.]

5

எதிர்முகாம் காவல் கோபுரத்தில் நின்றவன் பார்த்தது வேறு. இருட்டில் ஆள் தெரியவில்லை. கூரை மேல் ஒரு நெருப்பு வட்டம். யாரோ யாருக்கோ சைகை காட்டுகிறார்கள். அவன் உடனே சுட்டுவிடவில்லை. விதிப்படி மேலே கேட்டான்.

"எதிர்க்கூரையில் நெருப்பு. அவர்கள் ஆளா?"

கேள்வி அவ்வளவுதான். அது அவனுடைய அதிகாரிக்குப் போனது. அதிகாரி நேராகக் கேட்கக் கூடாது. அங்கிருந்து அந்த நாட்டின் தலைநகருக்கு, அங்கிருந்து கடல் தாண்டித் தலைமையகத்துக்கு, அங்கிருந்து அதே நகரத்தின் இன்னொரு தெருவில் இருக்கும் இன்னொரு தலைமையகத்துக்கு, அங்கிருந்து திரும்பிக் கடல் தாண்டி, சாலைக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துப் பாதுகாப்பு அதிகாரி அப்போது மணிவேல் சமைத்த இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். [இது எனக்குத் தெரியாது. எழுத ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன்.] அவர் வெளியே வந்து எட்டிப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும்: எங்கள் சமையல்காரன், ஏதோ பண்டிகை. அந்தப் பதிலும் கேள்வி வந்த வழியே திரும்பிப் போகவேண்டும்.

அந்தச் சாலையின் அகலம் ஒரு டவுன் பஸ் திரும்புகிற அளவு. கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.

[போன வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். கதையில் இப்படி நேராகக் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.]

காய்கறிப் பெட்டிச் சிம்பு பனைமட்டை இல்லையே. வேகம் தாங்கவில்லை. கட்டு அவிழ்ந்து, எரிகிற கரி சாலைப் பக்கமாகத் தெறித்தது. கோபுரத்தில் இருந்தவன் அதைக் குண்டு எறிந்ததாக எடுத்துக்கொண்டான். கேள்வி இன்னும் வழியில்தான் இருந்தது. அவன் சுட்டான்.

போன் மொஹ்சின் கையிலிருந்து விழுந்து உடைந்தது. வேங்கிக்கால் மாடியில் திரை கறுப்பானது.

"நெட்வொர்க் போச்சு" என்றாள் கஸ்தூரி.

6

கூட்டணியைப் பொறுத்தவரை மணிவேல் அன்று மாலையே இறந்துவிட்டான். ஒன்றியத்துக்கு அப்படி இல்லை. உரிய வழியில் வந்து சேர்ந்தால்தான் தகவல். உரிய வழியில் அது வந்து சேர்ந்தது மறுநாள். கூரை மேல் போர்வை போர்த்திக் கிடந்தவனை ராத்திரியே முகாம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, இருந்தாலும் ஒன்றியத்தின் பேச்சில் அவன் மறுநாள்தான் செத்தான். ஆள் பிடித்துக் கொடுத்த கம்பெனிக்காரன் கஸ்தூரிக்குப் போன் செய்து, "இன்னிக்கு ஒரு பாதுகாப்புச் சம்பவம்" என்றான். அவள் குண்டு வெடிப்பு என்று எடுத்துக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. எங்கள் ஆள் இல்லை, கம்பெனி ஆள் என்பதில் மட்டும் ஒன்றியமும் கூட்டணியும் பிசகாமல் ஒத்துழைத்தன. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை.

சில மாதம் கழித்து மொஹ்சின் ஊர் திரும்பி, பயணப் பையைக்கூட வீட்டில் வைக்காமல் கஸ்தூரியைப் பார்க்கப் போனான். சொல்லிவிடத்தான் போனான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தீபத்தன்னிக்குப் பேசிக்கினு இருக்கும்போதே கட் ஆயிடுச்சு தம்பி. மறுநாள் பூரா என்ன செஞ்சாரு?"

அவள் மடியில் கீர்த்தனா படுத்திருந்தாள். 'இன்னும் வேகமா' என்று கத்திய பிள்ளை. மொஹ்சின் அவளைப் பார்த்தான்.

"வேலை ஜாஸ்தி அண்ணி" என்றான்.

அவன் சொன்ன பொய் அவ்வளவுதான். மற்றதை இரண்டு பெரிய அமைப்புகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

7

ஆகையால் இந்த வீட்டில் கார்த்திகை இப்படி நடக்கிறது. தீபத்தன்று சந்தோஷம். அவர் கடைசியாகச் சிரித்ததைப் பார்த்த நாள் என்று கஸ்தூரி மாடி முழுக்க அகல் ஏற்றுகிறாள், பொரி உருண்டை பிடிக்கிறாள். கீர்த்தனா அப்பா மாதிரியே மாவலி சுற்றுகிறாள், பெண்பிள்ளை சுற்றலாமா என்று கேட்கிறவர்களை முறைத்துக்கொண்டு. பிறகு வருகிற பிரதமையில், கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு ஐயங்குளத்தங்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டுத் திதி கொடுக்கிறாள். பௌர்ணமியில் போனவனுக்குப் பிரதமையில் திதி. மொஹ்சின் துலுக்கன், அவனுக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். "யாருக்குக் குடுக்கறோமோ அவங்களுக்குப் போய்ச் சேரணும் இல்ல சார்?" என்கிறான்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது கஸ்தூரி டீக்கு வந்தாள். தீபத்துக்குக் கொடி ஏற இன்னும் சில நாள்தான், பேச்சு அங்கேதான் போனது.

"நீங்களே சொல்லுங்க சார். அவ்ளோ நல்லா சிரிச்சுப் பேசின மனுசன், மறுநாள் விடிஞ்சு சாயங்காலம் வரைக்கும் உயிரோடதானே இருந்தாரு? ஒரு போன் பண்ணலையே. நான் எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா? வேலை ஜாஸ்தியாம். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை? செத்ததக்கூட மன்னிச்சிட்டேன் சார். அந்த ஒரு நாள மட்டும் மன்னிக்க முடியல. திதி குடுக்கறப்பவும் அந்தக் கோவத்தோடதான் குடுக்கறேன்."

மொஹ்சின் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏற்கெனவே கழுவிய கிளாசை மறுபடி கழுவினான்.

8

இங்கே கதை நின்றுவிட்டது. ஒரு வாரமாக நிற்கிறது.

உண்மை தெரிந்தால் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான், அவளை ஒரு நாள்கூட மறந்து இருக்காத புருஷன். திதியும் சரியான நாளுக்கு வரும். அதே உண்மை அவளிடமிருந்து தீபத்தைப் பிடுங்கிக்கொள்ளும். 'சுத்துங்க' என்று சொன்னது யார், 'இன்னும் வேகமா' என்று சொன்னது யார் என்று இரண்டு பேரும் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எழுத முடியாதபோது செய்கிற வேலையைச் செய்தேன். சின்னப் பாத்திரம் ஒன்றைப் பிடித்து ஊதிப் பெரிதாக்கப் பார்த்தேன். கோபுரத்துக் காவலாளி. அவனைக் கொடியவனாக எழுதினால் எனக்குச் சுலபம். மொஹ்சினைக் கேட்டேன்.

"சின்ன பையன் சார். காலைல வந்து தோசை தின்னுவான். தேங்கா சட்னி கேட்டுக் கேட்டு வாங்குவான். அப்புறம் ஒருநாள் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு அழுதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சாப்பாடு போட்டேன். வேலை அதானே சார்."

போயிற்று, அவனையும் வெறுக்க முடியவில்லை. நான் வெறுக்க வேண்டியவர்கள் அந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகம் இல்லை, கூட்டறிக்கைதான் இருக்கிறது. வருடா வருடம் கைகுலுக்கி, ஒத்துழைப்பு மேலும் வலுப்பெற்றது என்று சொல்கிறார்கள். கீர்த்தனா அதையும் மனப்பாடம் செய்கிறாள். கூட்டறிக்கையைப் பாத்திரமாக்கிப் பேசவைக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

9

முடிவுகள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபத்துக்கு முதல் நாள் மொஹ்சின் தானே சொல்லிவிடுகிறான். கஸ்தூரி ஒன்றும் பேசாமல் கடைக்குள் போகிறாள். ஜெராக்ஸ் மிஷினின் வெளிச்சம் அவள் முகத்தில் போய்ப் போய் வருகிறது— சினிமா. அடித்துவிடுங்கள்.

அல்லது யாரும் எதுவும் சொல்வதில்லை. கீர்த்தனா பத்து மார்க் கேள்விக்கு அப்பாவை உதாரணம் காட்டி, இரண்டு முகாம்களும் ஓருடலாக இயங்கின என்று எழுதி, முழு மார்க் வாங்குகிறாள். நடக்கக்கூடியது இதுதான்.

இல்லாவிட்டால் பாதி சொல்வது. அன்று மாலையே போய்விட்டார், மறுநாள் இல்லை என்று மட்டும். கோபமும் தீரும், திதியும் சரியாகும். இதைப் படித்துக் காட்டியபோது மொஹ்சினுக்கு உயிர் வந்தது. "இது போதும் சார். இதோட நிறுத்திக்குங்க."

நிறுத்த முடியவில்லை. நான் எழுதி வைத்திருக்கும் கஸ்தூரி ஏமாளி இல்லை. அடுத்த வரியிலேயே வாய் திறந்துவிட்டாள். "அன்னிக்கேவா? நான் பாத்துக்கினேதானே தம்பி இருந்தேன்? கட் ஆச்சே, அப்ப—"

அதற்குமேல் என் பேனா நகரவில்லை.

10

நான் கையால் எழுதுகிறவன். பத்திரிகைக்கு அனுப்புமுன் நகல் எடுத்தாகவேண்டும். திருவண்ணாமலையில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. பெரிய தெருவில் போய் எடுத்து, தபாலில் போட்டுவிட்டு, என் பாட்டுக்கு இருக்கலாம். பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்றலாம், வேலையை மாற்றலாம். ஆனால் தீபத்தை எதாக மாற்றுவது? மாற்றினால் கஸ்தூரிக்கு அடையாளம் தெரியாது. நான் ஒரு நல்ல கதை எழுதினவனாவேன், மொஹ்சின் கேட்டது கிடைக்காது.

தீபத்துக்கு இன்னும் நாலு நாள். சிறப்புப் பேருந்துகள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. நான் வேங்கிக்கால் கடையின் முன்னால், கையில் இந்தத் தாள்களோடு நிற்கிறேன். கஸ்தூரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளையும் கண்ணாடி மேல் கவிழ்க்குமுன் ஒரு பார்வை படித்துவிட்டுத்தான் கவிழ்ப்பாள்.

டீக்கடை பெஞ்சில் கீர்த்தனா. மடியில் புத்தகம், காலடியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பனம்பூ மூட்டை.

"அங்கிள், இந்த வருசம் பெரிய மாவலி. நீங்களும் மாடிக்கு வரணும், போன வருசம் மாதிரி டபாய்க்கக் கூடாது."

"பாக்கலாம்மா" என்கிறான் மொஹ்சின். கண் என் கையில் இருக்கும் தாள்களின் மேல். கொடு என்றும் அவன் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் எங்கேயோ நகல் எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கடையில் என்று நான் சொல்லப்போவதில்லை. எதிர்முகாம்காரர்கள் கேள்வியை மேலே அனுப்பிவிட்டுக் கை கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று திட்டினேன் அல்லவா? நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன்.

கஸ்தூரி கவுண்டருக்கு மேலே கையை நீட்டிவிட்டாள். மேல் தாளில் தலைப்பு அவளுக்குத் தலைகீழாகத் தெரிகிறது. இன்னும் படிக்கவில்லை. சிரித்த முகம்.

"கதையா சார்? எத்தினி காப்பி?"

தாள்களை நான் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறேன்.

"சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."